கையால் திருத்தாதீர்கள்

ஆ-யாவுக்குப் பேச்சு நின்று இரண்டு வருடம் இருக்கும். ஆனால் அவன் வாய் ஓய்ந்தபாடில்லை. நரம்புகள் தசைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டே வரும் நோய் அவனுக்கு. கால் போனது, இடது கை போனது, பிறகு நாக்கும் தொண்டையும் போயின. வலது கையில் ஒரு விரல் மட்டும் மிச்சம். மேலிருந்து தொங்கும் பட்டையில் முழங்கையைப் போட்டுக்கொண்டு அந்த விரலால் கணினியில் தட்டுவான். கணினி அதை உரக்க வாசிக்கும். அப்படியே மனைவியைத் திட்டுவான், தொலைக்காட்சியில் செய்தி சொல்பவர்களைத் திட்டுவான், சனிக்கிழமைதோறும் பார்க்கப் போகும் என்னையும் விட்டுவைக்க மாட்டான்.

"இவரு பேச்சு நின்னுடுச்சேன்னு நான் அழுதேன் பாருங்க, அதை நெனச்சா எனக்கே சிரிப்பா வருது பெங் அக்கா," என்பாள் அவன் மனைவி லுவான். "முன்னாடி சாப்பிடும்போதாவது வாய் மூடும். இப்ப சாப்பாடு குழாயில போகுது, திட்டு நிக்காம வருது. அதுவும் பெய்ஜிங் டிவிக்காரன் குரல்ல."

அவன் தட்டுவது மூங்கில் என்ற மென்பொருளில். காற்றுக்குப் பேர்போன எங்கள் சின்ச்சு நகரில் மாணவர்களாக இருந்த காலத்தில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எங்கள் சீன எழுத்தைத் தட்டச்சு செய்ய அதன் ஒலிகளை ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். முதல் ஒலி, அடுத்த ஒலி, தொனி எல்லாம் சேர்ந்ததும் மூங்கில் அதை ஒரு எழுத்தாக்கிக் கொடுக்கும். ஐந்து பேரில் மூன்று பேர் வேறு வேலை பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். நானும் எப்போதோ கைகழுவிவிட்டேன். ஆ-யாவ் மட்டும்தான் விடாமல் அதைக் கட்டி மேய்த்தான்.

போன மாதம் அவனுடைய பழைய மடிக்கணினி இழுத்துக்கொண்டு கிடந்தது. விசிறி அலறும், திரை அணையும், தட்டினால் திரும்ப வரும். பழுது பார்ப்பவன் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். லுவான் எனக்குப் போன் செய்தாள். நான் உள்ளங்கை அகலத்தில் ஒரு புதுக் கணினியை வாங்கிக்கொண்டு போனேன். விசிறியே கிடையாது, சத்தமே வராது. பழையதில் இருந்த மூங்கில் கோப்புறையை அப்படியே புதியதில் இறக்கினேன். இறக்கி முடித்த மறுநாள் பழையது ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது.

மூங்கிலை ஒரு கணினியில் அமர்த்துவதற்கு முன் 'கன்ஃபிகர்' என்ற நீளமான ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைத் தொகுப்பை, ஓடவிட வேண்டும். பெண் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் மாதிரி அது கணினியிடம் ஒவ்வொன்றாக விசாரிக்கும். நீ என்ன வகை, உன்னிடம் இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, அதற்குத் தகுந்தபடி மென்பொருளைக் கட்ட ஏற்பாடு செய்யும். நான் ஓடவிட்டேன். முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டது. இது என்ன கணினி என்றே தெரியவில்லை என்றது. ஸ்கிரிப்ட் எழுதப்பட்ட காலத்தில் இந்த மாதிரிச் சில்லுகள் பிறக்கவே இல்லை.

இதற்கு வழி உண்டு. கன்ஃபிகரை மனிதர்கள் உட்கார்ந்து எழுதுவதில்லை. என்னென்ன விசாரிக்க வேண்டும், என்னென்ன அளவு வைக்க வேண்டும் என்று ஒரு சின்ன மூலக்கோப்பில் நாம் எழுதி வைப்போம். கறுப்புத் திரையில் 'ஆட்டோரீகான்ஃப்' என்று ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் போதும். கருவி அந்த மூலக்கோப்பைப் படித்து, ஆயிரக்கணக்கான வரிகளில் கன்ஃபிகரைப் புதிதாக எழுதித் தள்ளிவிடும். கருவி புதுசு என்றால் அது எழுதும் ஸ்கிரிப்டுக்குப் புதுக் கணினிகளையும் தெரியும்.

கருவி எழுதியதில் மட்டும் நாம் கை வைக்கக் கூடாது. வைத்தால் அன்றைக்கு வேலை நடக்கும். அடுத்த முறை கட்டளை கொடுக்கும்போது கருவி மூலக்கோப்பிலிருந்து எல்லாவற்றையும் புதிதாக எழுதும். நம் திருத்தம் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதனால் கன்ஃபிகரின் தலையிலேயே கொட்டை எழுத்தில் ஒரு வரி போட்டு வைத்திருந்தான் ஆ-யாவ்: 'இது கருவி எழுதியது. கையால் திருத்தாதீர்கள்.' மீறுகிறவர், நகர்க்காவல் சாமி கோயிலுக்கு முன்னாலுள்ள கடையில் எல்லாருக்கும் இறைச்சி உருண்டை சூப் வாங்கித் தர வேண்டும் என்பது எங்கள் கூட்டத்தின் சட்டம். சட்டம் போட்டவனும் அவன்தான். நாங்கள் நான்கு பேரும் மாறி மாறி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அவன் ஒருமுறைகூட வாங்கியதில்லை. "நீங்கெல்லாம் படிச்சவங்களா? தலையிலயே எழுதியிருக்கு, கண்ணு தெரியலையா?" என்று கேட்டுக்கொண்டே உறிஞ்சுவான்.

நான் கட்டளையைத் தட்டியபோது அவன் பக்கத்தில்தான் இருந்தான். தொண்டையிலிருந்து உர்ரென்று ஒரு சத்தம் வந்தது. இமைகளைப் படபடவென்று அடித்தான்.

"தெரியும்டா, தெரியும். மொதல்ல மூலக்கோப்பைப் படி, அப்புறம் கட்டளை குடு. அதானே? நாப்பத்தொம்பது வயசாச்சு எனக்கு. இன்னும் உன்கிட்டப் பாடம் கேக்கணுமா?"

சத்தம் இன்னும் பலமாக வந்தது. நான் காதில் போட்டுக்கொள்ளாமல் பொத்தானை அழுத்தினேன். திரையில் வரிகள் விறுவிறுவென்று ஓடின. திரும்பிப் பார்த்தேன். அவன் கண்ணை மூடியிருந்தான். கோபித்துக்கொண்டான் என்று நினைத்தேன்.

கன்ஃபிகர் இந்த முறை எல்லாக் கேள்விக்கும் பதில் வாங்கிக்கொண்டது. மூங்கில் ஒரு தடங்கலும் இல்லாமல் அமர்ந்தது. நான் தட்டிப் பார்த்தேன், அருமையாக ஓடியது. குரலும் வந்தது, அதே பெய்ஜிங் டிவிக்காரன். லுவான் பச்சைப் பொட்டலத் தேங்காய்ப் பொரி ஒன்றை எடுத்து வந்து கணினியின் தலையில் வைத்தாள். அது இருந்தால்தான் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அவன் கையைப் பட்டையில் போட்டுவிட்டு, "ம், திட்டுங்க பாப்போம்," என்றாள்.

விரல் இறங்கி ஒரு பொத்தானை அழுத்தியது. திரையில் முதல் ஒலி வந்தது. விரல் மேலே எழும்பி, பக்கவாட்டில் நகர்ந்து, அடுத்த பொத்தானுக்குப் போவதற்குள் திரையிலிருந்த ஒலி காணாமல் போனது. மறுபடி அழுத்தினான். வந்தது, போனது. மறுபடியும் அதே கதை. கொஞ்ச நேரம் கழித்து அவன் விரலை மடக்கிக்கொண்டான்.

"பொரி தேதி முடிஞ்சு போச்சோ?" என்று பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள் லுவான். முடியவில்லை. நான் விசைப்பலகையை மாற்றினேன், வயரை மாற்றினேன், மூங்கிலை அழித்துவிட்டு மறுபடி அமர்த்தினேன். நான் தட்டினால் எழுத்து வருகிறது, அவன் தட்டினால் வரவில்லை.

கடைசியில் லுவான் ஒலிகள் எழுதிய அட்டையை எடுத்தாள். அவள் வரிசை வரிசையாக விரல் வைத்துக்கொண்டே போவாள். வேண்டிய இடம் வரும்போது அவன் இமைப்பான். அன்றைக்கு ஒரே ஒரு சொல்தான் சேர்ந்தது. "விடு."

"என்னத்தடா விடுறது? ஏன் இப்படி ஆகுதுன்னு உனக்குத் தெரியுமா? தெரியும்னா ஒரு தடவை இமை, தெரியாதுன்னா ரெண்டு தடவை," என்றேன்.

அவன் இமைக்கவே இல்லை. என்னைப் பார்த்தான், பிறகு சுவரைப் பார்த்தான். எனக்கு மூக்கு மேல் கோபம் வந்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செவ்வாயோ புதனோ, மதியம் அலுவலகத்தில் இருக்கும்போது லுவான் கூப்பிட்டாள். பின்னால் காற்று ஊளையிடும் சத்தம் கேட்டது. மாடியில் நின்று பேசுகிறாள், அவன் காதில் விழக்கூடாது என்று.

"அக்கா, அவர் திட்டி நாலஞ்சு நாளாச்சு."

"நிம்மதியா இருக்கியா?"

"வெளையாடாதீங்க அக்கா. அட்டையில தண்ணி, வலி, திரும்பணும், இவ்வளவுதான் சொல்றாரு. வேற ஏதாவது கேட்டா கண்ணை மூடிக்கிறாரு. நேத்து அவர் தம்பி வந்து தேர்தலப் பத்திக் கன்னாபின்னான்னு உளறிட்டுப் போனான். இவரு சும்மா கேட்டுட்டுப் படுத்திருக்காரு. பதினாறு வருஷத்துல அப்படி நான் பாத்ததில்ல. டாக்டர் அன்னிக்கே சொன்னாரு. சிலபேர் பேச முடியாம போறதில்ல, பேசறதையே விட்டுடுவாங்க, அப்புறம் திரும்பி வரமாட்டாங்கன்னு. எனக்குப் பயமா இருக்கு."

போனை வைத்ததும் எனக்கு வேலை ஓடவில்லை. என் மடிக்கணினியிலும் புதுக் கோப்புறையின் நகல் இருந்தது. அதைத் திறந்தேன். ஒலி வந்து உடனே அழிந்து போவது மட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றது. அப்போதுதான் பழைய விதி ஞாபகத்துக்கு வந்தது.

அந்த விதியையும் ஆ-யாவ்தான் ஒற்றைக் காலில் நின்று வைத்தான். ஒரு ஒலியைத் தட்டியவர் அடுத்த ஒலிக்கு வர அரை நொடிக்கு மேல் எடுத்தால், கை தவறிப் பட்டது என்று மூங்கில் அதை அழித்துவிட வேண்டும். அப்போதெல்லாம் அவன் விரல்கள் பறக்கும். பிங்டுங்கிலிருந்து லியாவ் என்ற பெரியவர் எங்கள் இணையப் பக்கத்தில் ஒரு கோரிக்கை போட்டிருந்தார். பக்கவாதத்துக்குப் பிறகு கை மெதுவாகிவிட்டது, பேரப்பிள்ளைகளுக்கு எழுத வேண்டும், இன்னும் கொஞ்சம் காத்திருக்க வைக்க முடியுமா என்று பணிவாகக் கேட்டிருந்தார். "முடியாது. விரலைப் பழக்குங்கள். மென்பொருள் தூங்கிக்கொண்டு காத்திருக்காது" என்று பதில் எழுதிவிட்டுக் கோரிக்கையை மூடிவிட்டான் ஆ-யாவ். அவனோடு மல்லுக்கட்ட எங்களில் யாருக்கும் தெம்பு இல்லை.

மூலக்கோப்பைப் பார்த்தேன். அந்த அரை நொடி அப்படியே இருந்தது. அப்படியானால் பழைய கணினியில் அவன் இத்தனை நாள் எப்படிப் பேசினான்? ஒரு பொத்தானிலிருந்து அடுத்த பொத்தானுக்குப் போக அவன் விரலுக்கு நான் ஒரு வாய் தேநீர் குடிக்கும் நேரம் ஆகும். சனிக்கிழமை தவறாமல் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கிய எனக்கு இது ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

அந்தக் கருவியிடம் ஒரு நல்ல பழக்கம் உண்டு. புதிதாக எழுதும்போது பழையதைத் தூக்கி எறியாது. பெயருக்குப் பின்னால் வால் மாதிரி ஒரு நெளிகோடு போட்டு ஓரமாக வைத்திருக்கும். அந்தப் பழைய கன்ஃபிகரைத் திறந்து, காத்திருக்கும் நேரம் எங்கே இருக்கிறது என்று தேடினேன். ஒரு வரியில் நின்றேன். அங்கே அரை நொடி இல்லை. ஆறு நொடி இருந்தது.

கருவி தானாக அப்படி எழுதாது. மூலக்கோப்பில் இருப்பதைத்தான் எழுதும். யாரோ கையால் திருத்தியிருக்கிறார்கள். அந்தக் கணினியை அவனைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. நான் கட்டளை கொடுத்தபோது அவன் உறுமியதும், பிறகு கண்ணை மூடிக்கொண்டதும் அப்போதுதான் எனக்கு விளங்கின. அலுவலகத்தில் எல்லாரும் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் விடுப்பு போட்டுவிட்டுப் போனேன். வழியில் கோயில் கடையில் சூப் ஒரு கூஜா வாங்கிக்கொண்டேன். போனதும் கணினி முன்னால் உட்கார்ந்து, மூலக்கோப்பிலேயே ஆறு நொடி என்று மாற்றி, கட்டளை கொடுத்து, மூங்கிலை மறுபடி கட்டினேன். அவன் தொண்டையிலிருந்து இந்த முறை சத்தம் வரவில்லை. லுவான் அவன் கையைப் பட்டையில் போட்டாள்.

விரல் இறங்கியது. முதல் ஒலி வந்து அப்படியே நின்றது. விரல் நகர்ந்து போய்ச் சேரும்வரை நின்றது. ஒரு எழுத்து ஆனது. லுவான் என் தோளை இறுகப் பிடித்துக்கொண்டாள். நடுவில் சில ஒலிகள் அழிந்தன, அவன் மறுபடி தட்டினான். வெகுநேரம் கழித்துப் பெய்ஜிங் டிவிக்காரன் வாயைத் திறந்தான்.

"ஆறு பத்தாது. பன்னெண்டு போடு."

நான் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினேன். "எப்பலேர்ந்து பத்தல?"

"வசந்த காலத்துலேர்ந்து."

"அப்புறம் ஏன்டா சொல்லல? இத்தனை மாசமா பாதி எழுத்தைத் திரும்பத் திரும்பத் தட்டிக்கிட்டா இருந்த?"

பன்னிரண்டு போட்டேன். இப்போது எதுவும் அழியவில்லை. சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி அவன் கண்ணெதிரே வைத்தேன்.

"இது உன் செலவு. கையால திருத்தியிருக்க. சட்டம் போட்டவனே மீறியிருக்க. மூலக்கோப்புல மாத்த உனக்குத் தெரியாதா? ஒரு எண்ணை மாத்தறது, அவ்வளவுதானே?"

அவன் தட்ட ஆரம்பித்தான். இடையில் லுவான் துணிகளை மடித்தாள். நான் சூப்பைக் குடித்து முடித்தேன்.

"மூலக்கோப்புல தொட்டா, நான் பாக்கும்போதெல்லாம் 'மாற்றப்பட்டது'ன்னு செவப்புல காட்டும். கருவி எழுதினதைத் தொட்டா காட்டாது."

எனக்கு உடனே புரிந்தது. யார் எதை மாற்றினார்கள் என்று குறித்து வைக்கும் எங்கள் மாற்றப் பதிவு, கருவி எழுதும் கோப்புகளைக் கண்டுகொள்ளாது. அங்கே செய்தது மற்ற நான்கு பேர் கண்ணிலும் படாது, அவன் கண்ணிலும் படாது. நோய் என்று தெரிவதற்கு முன்பே அவன் சூப் கடைக்கு வரும்போதெல்லாம் இடது கையைச் சட்டைப்பையிலேயே வைத்திருப்பான். காற்று என்பான். சின்ச்சு காற்றைப் பற்றி யாருக்குச் சந்தேகம் வரும்? நாங்களும் காற்று என்றே இருந்துவிட்டோம்.

"எனக்கே தெரியாது," என்றாள் லுவான் மெதுவாக. "பொத்தான் போடக் கஷ்டப்பட்டாரே, அதுக்கும் முன்னாடியா?"

அவன் ஒருமுறை இமைத்தான்.

அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு, அவன் விரலை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

பிறகு நான் சொன்னேன், "இதை எல்லாரும் எடுத்துக்கிற பதிப்புலயே போட்டுடறேன். அவங்கவங்க வேணும்கிற நேரத்தை அவங்கவங்களே வச்சுக்கிற மாதிரி. எதுக்காக மாத்தினோம்னு காரணம் எழுதணுமே, என்ன எழுதட்டும்? உன் பேரைப் போடாம எழுதறேன்."

விரல் இறங்கியது.

"பேரைப் போடு. லியாவோட கோரிக்கையைத் தொற."

நான் தேடி எடுத்தேன். பக்கத்தின் அடியில் எங்கேயோ கிடந்தது. பெரியவரின் பணிவான கேள்வி, அதன் கீழே அவனுடைய பதில், அதன் கீழே 'மூடப்பட்டது'. நான் அதை மறுபடி திறந்தேன். அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறாரா, அந்த முகவரியைப் பார்க்கிறாரா, யாருக்கும் தெரியாது.

"சொல்லு, நானே தட்டிடறேன். உனக்கு மதியமாயிடும்," என்றேன்.

தொண்டையிலிருந்து உர்ரென்று சத்தம் வந்தது. இந்த முறை நான் காது கொடுத்தேன். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

அவன் ஒவ்வொரு ஒலியாகத் தட்டினான். வெயில் சன்னலிலிருந்து கட்டில் காலுக்கு நகர்ந்தது. ஐயா, என்று முதலில் வந்தது. பிறகு, முடியும், என்று வந்தது. பிறகு, அன்று நான் சொன்னது தவறு, என்று வந்தது. கீழே பெயர் எழுத ஆரம்பித்து, முதல் ஒலியைத் தட்டிவிட்டு அவன் விரல் நடுவானில் நின்றுவிட்டது. களைப்பு. லுவான் கையை நீட்டினாள், நான் தடுத்தேன்.

பொறுமை என்பதே இல்லாத நான் காத்திருந்தேன். திரையில் அந்த ஒற்றை ஒலியும் அழியாமல் காத்திருந்தது.